மன்றோத் துருத்து: காயல் நடுவே ஒரு சிற்றூர்



தேர்வுகள் முடிந்து விடுமுறை பிறந்ததும், எங்கேனும் இரண்டு நாள் சென்று வரலாமே என்னும் எண்ணம் இளைஞர் உள்ளத்தில் எழுவது இயல்பு. மலைமேல் உள்ள ஊர்களுக்குச் செல்வோர் பலர். கடற்கரை நகரங்களை நாடுவோர் பலர். அண்மைக் காலத்தில் கேரள நாட்டுக் காயற்கரைச் சிற்றூர்களுக்குச் செல்வோர் தொகையும் பெருகியிருக்கிறது. அங்கே வண்டிகளின் இரைச்சல் இல்லை. கடைத்தெருவின் நெருக்கம் இல்லை. நீரும் தென்னையும் தோணியும் வானமுமே எத்திசையும் தெரியும். சென்று மீண்டவரை நோக்கி, “அங்கே என்ன கண்டீர்கள்?” என்று கேட்டால், “அமைதியைக் கண்டோம்” என்றே பெரும்பாலோர் விடை கூறுவர்.

அந்த அமைதிக்கும் ஒரு வரலாறு உண்டு. அரண்மனைகளும் கோட்டைகளும் மட்டுமே வரலாற்றுக்கு உரியவை என்றும், வயலும் வரம்பும் வாய்க்காலும் வரலாற்றுக்குப் புறம்பானவை என்றும் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவ்வெண்ணம் எவ்வளவு குறையுடையது என்பதை ஒரு சிறு தீவின் கதையைக் கொண்டு இன்று காண்போம். அத்தீவின் பெயர் மன்றோத் துருத்து.

கொல்லம் நகரத்திற்கு வடக்கே, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சாலை வழியே சென்றால் இத்தீவினை அடையலாம். கொல்லத்தை ஒட்டிக் கிடக்கும் பெருநீர்ப் பரப்புக்கு அஷ்டமுடிக் காயல் என்று பெயர். எட்டுக் கிளைகளாகப் பிரிந்து நிலத்தினுள் புகுந்து கிடப்பதால் இப்பெயர் பெற்றது என்பர். நீண்டகரை என்னுமிடத்தில் இக்காயல் கடலோடு கலக்கிறது. இதன் மறுபுறத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து வரும் கல்லடா ஆறு வந்து சேர்கிறது. ஆறும் காயலும் கூடும் அவ்விடத்தில், ஆறு பன்னெடுங்காலம் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் உருவான சிறு தீவுகளின் கூட்டமே மன்றோத் துருத்து. பரப்பு ஏறத்தாழ 13 சதுர கிலோமீட்டர். வாழும் மக்கள் பத்தாயிரத்தை ஒட்டியவர்.

துருத்து என்னும் மலையாளச் சொல் தமிழராகிய நமக்குப் புதியதன்று. ஆற்றின் நடுவே மேடிட்டு நிற்கும் நிலத்தை நம் முன்னோர் துருத்தி என்று அழைத்தனர். தேவாரம் பெற்ற தலங்களில் திருத்துருத்தி என்பது ஒன்று. அதுவே மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள இன்றைய குத்தாலம். திருவையாற்றுக்கு அருகே திருப்பூந்துருத்தி உள்ளது. காவிரிக் கரையில் துருத்தி என்றும், கல்லடாக் கரையில் துருத்து என்றும் வழங்கும் சொல் ஒன்றே. இரு நாட்டாரும் ஒரே இயற்கைத் தோற்றத்தைக் கண்டு ஒரே பெயரால் அழைத்தனர் என்பதை மொழி பயிலும் மாணவர் குறித்துக்கொள்ளலாம்.

தென்காசிப் பக்கத்து மாணவர்க்கு இத்தீவினை அடைய இனிய வழி ஒன்று உண்டு. செங்கோட்டையில் ரயில் ஏறினால், ஆரியங்காவு, தென்மலை, புனலூர், கொட்டாரக்கரை, குண்டறை வழியாகக் கொல்லம் போய்ச் சேரலாம். இப்பாதை 1904-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பின்னர் அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2018-இல் முழுமையும் பயன்பாட்டுக்கு வந்தது. தென்மலைக்கு அருகே பதின்மூன்று கண்களுடைய கற்பாலத்தை வண்டி கடக்கும். புனலூரில் கல்லடா ஆற்றின் குறுக்கே 1877-இல் கட்டி முடிக்கப்பட்ட தொங்கு பாலத்தைக் காணலாம். மலையில் சிற்றோடைகளாகக் கண்ட அதே ஆற்றினைத் தீவினருகே அகன்ற நீர்ப்பரப்பாகக் காணும்போது, நிலநூற் பாடம் ஒன்றை நேரிற் கற்ற நிறைவு உண்டாகும்.

நான் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் அங்கு இரண்டு நாள் தங்கியிருந்தேன். தீவில் தெருக்களைக் காட்டிலும் வாய்க்கால்களே மிகுதி. சில வாய்க்கால்கள் ஒரு தோணி மட்டும் செல்லும் அகலமே உடையவை. தோணிக்காரர் நீண்ட கழியை ஊன்றி ஓசையின்றித் தோணியைச் செலுத்துவார். இருமருங்கிலும் தென்னை சாய்ந்து நிற்கும். தாழ்ந்த சிறு பாலங்களின் கீழே செல்லும்போது தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். ஓரிடத்தில் தேங்காய் மட்டைகளை உவர்நீரில் அமிழ்த்திப் பல திங்கள் ஊறவைத்திருப்பார்கள். அதன் நாற்றத்தைப் புதியவர் எளிதில் மறக்கமாட்டார். ஊறிய மட்டையைத் தட்டி நாராக்கி, ராட்டையிற் கயிறு திரிப்பது அங்குள்ள பெண்களின் பழந்தொழில். நெல் விளைந்த வயல்கள் பல இன்று இறால் வளர்க்கும் குட்டைகளாக மாறியிருக்கின்றன.

என்னை ஏற்றிச் சென்ற தோணிக்காரர் முதியவர். நெடுநேரம் பேசாமல் வந்தவர், கரையோரத்து வீடு ஒன்றைக் கழியால் சுட்டிக்காட்டினார். “முன்னெல்லாம் ஐந்து படி ஏறித்தான் அந்த வீட்டுத் திண்ணைக்குப் போக வேண்டும், சாரே. இப்போது இரண்டு படிதான் வெளியே தெரிகிறது” என்றார். அவர் அதனைக் குறையாகச் சொல்லவில்லை. வானிலையைச் சொல்வது போலவே சொன்னார். அப்படிகளின் கதையைப் பின்னர்க் காண்போம். முதலில் தீவின் பெயரைப் பற்றிய கதையைப் பார்ப்போம்.

கொல்லம் பழம்பெருந் துறைமுகம். கி.பி. 825-இல் தொடங்கும் கொல்லம் ஆண்டு இவ்வூரின் பெயராலேயே வழங்குகிறது. கி.பி. 849-ஐச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் இத்துறையில் கூடிய வணிகரின் பரப்பினைக் காட்டுகின்றன. வட்டெழுத்தில் அமைந்த அச்செப்பேடுகளில், சாட்சிகளாக நின்றோர் அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துக்களில் கையொப்பமிட்டிருக்கின்றனர். மார்க்கோ போலோவும் இபன் பதூதாவும் இத்துறையைப் பற்றி எழுதிச் சென்றனர். மிளகை நாடிப் போர்த்துக்கீசியரும், அவர்க்குப் பின் டச்சுக்காரரும் வந்தனர். இவ்வளவு பெரிய வாணிகத்தின் அருகே இருந்தும், கல்லடா முகத்துச் சேற்றுத் தீவினைப் பெரியோர் எவரும் பொருட்படுத்தவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் அது ஏட்டில் இடம்பெறுகிறது.

அக்காலத்தில் திருவிதாங்கூர் பெருங்கொந்தளிப்பில் இருந்தது. கிழக்கிந்தியக் கும்பினி ஆண்டுதோறும் கேட்ட கப்பத் தொகையும், அதன் ரெசிடெண்டாக இருந்த மெக்காலேயின் தலையீடும் அரசை நெருக்கின. தளவாய் வேலுத்தம்பி கும்பினிக்கு எதிராக எழுந்தார். இவர் பிறந்த தலக்குளம் இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. 1809 ஜனவரி 11 அன்று அவர் மக்களை நோக்கி வெளியிட்ட அறிக்கை குண்டறை விளம்பரம் எனப் புகழ்பெற்றது. நாம் பேசும் தீவுக்கு மிக அண்மையில் உள்ள அதே குண்டறைதான் அது. எழுச்சி வெற்றி பெறவில்லை. பகைவர் கையிற் சிக்க விரும்பாத வேலுத்தம்பி, மண்ணடி என்னும் ஊரில் அவ்வாண்டே உயிர்நீத்தார்.

அடுத்த ஆண்டு, 1810-இல், ஜான் மன்றோ என்னும் படைத்தலைவர் புதிய ரெசிடெண்டாக வந்தார். இங்கே மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை. சென்னைத் தீவுத்திடலருகே அங்கவடியில்லாத குதிரைமீது சிலையாக வீற்றிருக்கும் மன்றோ வேறு, இவர் வேறு. சிலையாக இருப்பவர் 1820 முதல் 1827 வரை சென்னை ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ. திருவிதாங்கூருக்கு வந்தவர் கர்னல் ஜான் மன்றோ. இருவரும் ஸ்காட்லாந்து நாட்டினர். இருவரும் கும்பினிப் படையிலிருந்து ஆட்சித் துறைக்கு வந்தவர். இதனால் தேர்வுத்தாளில் ஒருவர் செயலை மற்றவர்மேல் ஏற்றி எழுதும் பிழை நேர்வதுண்டு.

அப்போது திருவிதாங்கூரின் அரசுரிமை கௌரி லட்சுமி பாயி என்னும் இளம் அரசியிடம் வந்திருந்தது. அவர் 1811-இல் மன்றோவையே திவானாகவும் நியமித்தார். ரெசிடெண்டு என்ற முறையில் கும்பினியின் நலத்தையும், திவான் என்ற முறையில் நாட்டின் நலத்தையும் ஒருவரே காக்க வேண்டிய விந்தையான நிலை ஏற்பட்டது. 1814 வரை அவர் திவானாக இருந்தார். நீதிமன்றங்கள் அமைக்கப்பட்டன. கோயில் நிலங்கள் அரசின் மேற்பார்வைக்குக் கொண்டுவரப்பட்டன. 1812-இல் அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் தடுக்கும் அரச ஆணை பிறந்தது. ஆயினும் நிலத்தோடு பிணைக்கப்பட்ட அடிமைகட்கு அவ்வாணை விடுதலை தரவில்லை. அவர்கள் 1855 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கௌரி லட்சுமி பாயிக்குப் பின் அவர் தங்கை கௌரி பார்வதி பாயி பிரதிநிதியாக ஆண்டார். மக்கள் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்னும் கருத்துடைய ஆணை 1817-இல் அவர் பெயரால் வெளிவந்தது.

இக்காலத்தில் கோட்டயத்தில் சிரியக் கிறித்தவ மாணவர்க்கென ஒரு செமினரி 1815-இல் நிறுவப்பட்டது. மன்றோவின் ஊக்கமும் சர்ச்சு மிஷன் சங்கத்தாரின் உழைப்பும் அதற்குத் துணை நின்றன. கட்டடம் எழுப்பினால் மட்டும் கல்விச்சாலை நடவாது. ஆண்டுதோறும் வருவாய் வேண்டும். அவ்வருவாய்க்காகத் திருவிதாங்கூர் அரசு பணமும் நிலமும் வழங்கியது. அந்நிலமே கல்லடா ஆற்று முகத்தில் இருந்த நமது தீவு. அறத்தை முன்நின்று முடித்தவர் நினைவாக அதற்கு மன்றோவின் பெயர் அமைந்தது.

இச்செய்தியைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். கோட்டயத்தில் ஒரு மாணவன் விளக்கொளியில் ஏடு படித்தான். அவனுக்கு வேண்டிய உணவுக்கும் ஆசிரியர் ஊதியத்துக்கும் உதவும் பொருட்டு, பல காதம் தெற்கே ஒரு சேற்றுத் தீவின் விளைவு ஒதுக்கப்பட்டது. நமது ஊர்களிலும் கோயில் திருப்பணிக்கும் பாடசாலைக்கும் நிலம் எழுதி வைத்த பெரியோரைப் பற்றிக் கல்வெட்டுக்கள் பேசுகின்றன. ஏட்டறிவின் அடியில் எங்கோ ஓர் உழவனின் வியர்வை இருக்கிறது என்னும் உண்மைக்கு மன்றோத் துருத்து ஒரு சான்று.

பிற்காலத்தில் மிஷனாருக்கும் சிரியத் திருச்சபைக்கும் இடையே பிணக்கு மூண்டது. பொதுச்சொத்தினைப் பிரிக்க நடுவர் அமைந்து 1840-இல் கொச்சியில் தீர்ப்பளித்தனர். அப்பிரிவினையில் தீவு மிஷனார் பக்கம் சென்றது. சேது லட்சுமி பாயி பிரதிநிதியாக ஆண்ட காலத்தில்தான், அதாவது 1924-க்கும் 1931-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், அது மீண்டும் திருவிதாங்கூர் அரசின் கைக்கு வந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தீவின் உரிமை இவ்வாறு கை மாறியது. தீவில் வாழ்ந்தோரை அதுபற்றி எவரேனும் கேட்டிருப்பார் என்று தோன்றவில்லை.

இங்கே வரலாற்று மாணவன் ஒரு வினா எழுப்ப வேண்டும். ஆணையிட்டவர் பெயர் தீவுக்கு நிலைத்தது. சேற்றை அள்ளி வரம்பு கட்டியவர், உவர்நீர் புகாமல் அணை இட்டவர், வாய்க்கால் வெட்டியவர் ஆகியோர் பெயர் என்ன? திருவிதாங்கூரின் நெல்வயல்களிலும் காயற்கரைகளிலும் இத்தகைய கடும்பணி செய்தோரில் பெரும்பகுதியினர் புலையர், பறையர் முதலிய ஒடுக்கப்பட்ட குலத்தினர். அவர்களுள் பலர் அடிமைகளாகவே பிறந்து அடிமைகளாகவே மாண்டனர். அவர் பெயர்கள் ஏட்டில் இல்லை. இன்று நாம் தோணியில் அமர்ந்து செல்லும் வாய்க்கால்களும் காலூன்றும் வரம்புகளுமே அவர்தம் கல்வெட்டு. வரலாற்றை எழுத்தில் மட்டும் தேடுவோர்க்கு அக்கல்வெட்டுப் புலப்படாது.

1958-இல் கொல்லத்தையும் கோட்டயத்தையும் இணைக்கும் ரயில் பாதை திறக்கப்பட்டது. தீவின் பெயரால் ஒரு நிலையமும் அமைந்தது. பாதை அஷ்டமுடிக் காயலைப் பெருமண் பாலத்தின் வழியாகக் கடக்கிறது. 1988 ஜூலை 8 அன்று ஐலண்டு எக்ஸ்பிரஸ் வண்டி அப்பாலத்தில் தடம்புரண்டு, அதன் பெட்டிகள் காயலில் வீழ்ந்தன. 105 பேர் உயிரிழந்தனர். அரசின் மீட்புப் படை வருமுன் நீரில் குதித்து உயிர் காத்தவர் அக்கரைகளின் தோணிக்காரரும் மீனவருமே. நீரோடு பழகிய வாழ்வு எத்தகைய துணிவைத் தருகிறது என்பதற்கு அந்நாள் சான்று. பெருமண்ணில் அத்துயரின் நினைவாக ஒரு தூண் நிற்கிறது.

இனி, தோணிக்காரர் சுட்டிய படிகளின் கதைக்கு வருவோம்.

ஆற்றுமுகத் தீவு என்பது நிலைத்து நிற்கும் பாறை போன்றதன்று. ஆண்டுதோறும் வெள்ளம் கொண்டுவரும் புது வண்டலே அதற்கு உணவு. அடியிலுள்ள மென்சேறு தன் எடையால் மெல்ல அமுங்கும். மேலே புது வண்டல் படியும். அமுங்குவதும் படிவதும் ஒத்திருக்கும் வரை தீவு உயர்ந்து நிற்கும். மழைக்கால வெள்ளம் வண்டலை மட்டுமன்றி நன்னீரையும் கொண்டுவந்து, உவரைக் கடலை நோக்கித் தள்ளும்.

தென்மலைக்கு அருகே கல்லடா ஆற்றின் குறுக்கே அணை கட்டப்பட்டு 1986-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் வாய்க்கால்கள் கொல்லம், பத்தனம்திட்டை, ஆலப்புழை மாவட்டங்களின் நிலங்களுக்கு நீர் தருகின்றன. மேட்டு நிலத்து உழவர்க்கு அது பெருநன்மை. ஆயினும், அணை நீரைத் தடுக்கும்போது வண்டலையும் தடுத்துவிடுகிறது. ஆற்றுப் படுகையில் நெடுங்காலம் நடந்த மணற்கொள்ளை அக்குறையை மேலும் பெருக்கியது. உணவு குறைந்த உடல் மெலிவது போலத் தீவு தாழத் தொடங்கியது. கடலில் ஓதம் ஏறும் நாட்களில் உவர்நீர் வாய்க்காலைக் கடந்து முற்றத்துக்கும், முற்றத்தைக் கடந்து வீட்டினுள்ளும் புகுகிறது. சுவர்கள் வெடிக்கின்றன. அடித்தளம் சேற்றினுள் இறங்குகிறது. தென்னையின் காய்ப்புக் குன்றுகிறது. நெல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. 2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலைக்குப் பின்னரே இத்துன்பம் மிகுந்தது என்று தீவினர் பலர் கருதுகின்றனர். ரயில் வண்டிகளின் அதிர்வையும் ஒரு காரணமாகக் கூறுவோர் உளர். உலகெங்கும் கடல்மட்டம் உயர்ந்து வருவதையும் நாம் மறத்தலாகாது. பல குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வேறிடம் சென்றுவிட்டன.

அணையைக் கட்டியது தீமை என்று கூறுவது என் நோக்கமன்று. ஓரிடத்தில் வயலுக்கு நீர் பாய்ந்தபோது, வேறோரிடத்தில் ஒரு வீட்டின் மூன்று படிகள் நீரில் மூழ்கின. முதலாவதைத் திட்ட ஏடுகள் கணக்கிட்டன. இரண்டாவதைக் கணக்கிட அன்று எவருக்கும் தோன்றவில்லை. நம் காவிரிக் கழிமுகத்தைப் பற்றியும் இவ்வினாவை எழுப்பலாம். ஆற்றின் தலையில் நாம் செய்யும் செயலுக்கு ஆற்றின் காலடியில் வாழ்பவரே விலை தருகின்றனர் என்பதை நாளைய பொறியாளராகவும் ஆட்சியாளராகவும் வரவிருக்கும் மாணவர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இத்தனையும் கேட்டபின், அங்கே ஓய்வுக்குச் செல்லலாமா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். தாராளமாகச் செல்லலாம். வருவோரால் தோணிக்காரருக்கும், வீட்டில் உணவு சமைத்துத் தரும் குடும்பங்களுக்கும் பிழைப்பு உண்டாகிறது. ஊரைவிட்டுப் போகாமல் இருக்கச் சிலருக்கு அதுவே துணையாகவும் இருக்கிறது. ஆனால் செல்வோர் சில நெறிகளைக் கொள்ளுதல் நன்று. இரைச்சலிடும் விசைப்படகை விடுத்துக் கழியூன்றும் தோணியில் செல்லுங்கள். குறுகிய வாய்க்காலின் கரை அலையால் கரையாமல் இருக்கும். நெகிழிப் பொருளை நீரில் எறியாதீர்கள். அஷ்டமுடிக் காயல் 2002-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முதன்மை வாய்ந்த நீர்நிலையாக ஏற்கப்பட்டது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பிறர் வீட்டு முற்றம் வழியே தோணி செல்லும்போது, அது காட்சிப்பொருள் அன்று, ஒருவர் குடியிருக்கும் இல்லம் என்று உணர்ந்து நடந்துகொள்ளுங்கள்.

ஒரு சிறு குறிப்பேட்டையும் உடன் கொண்டு செல்லுங்கள். வயதில் முதிர்ந்தோரிடம் பேசுங்கள். எந்த ஆண்டில் நெல் கடைசியாக அறுத்தார்கள், எந்தக் கிணறு எப்போது உவர்த்தது, எத்தனை படிகள் இருந்தன, இப்போது எத்தனை உள்ளன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மன்றோவின் செயல்கள் அரசு ஏடுகளில் இருக்கின்றன. அவற்றை எப்போது வேண்டுமானாலும் தேடிப் படிக்கலாம். படிகளின் கணக்கோ அம்முதியோர் நினைவில் மட்டுமே உள்ளது. அவர்கள் இருக்கும்போதே அதனைக் கேட்டு எழுதி வைப்பது வரலாறு பயிலும் இளைஞரால் ஆகக்கூடிய பணி. இரண்டு நாள் ஓய்வில் அதற்கு ஒரு மாலைப்பொழுதே போதும்.